முப்பிடாதி சொன்ன காஷ்மீர்

பீடி சுற்றுகிறவர்களுக்குத் தொலைக்காட்சி என்பது காதால் கேட்கிற பொருள். கண் மடியில் இருக்கும் தட்டை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் இலை கோணும், தூள் சிந்தும், நூல் நழுவும். அப்படிச் சுற்றிய பீடியை, கம்பெனிக்காக இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்குகிற கடையில் கழித்துப் போடுவார்கள். பேட்டை என்ற ஊரில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய தெருவில், முத்துராணி வீட்டு முன்னறையில் தினமும் கூடி உட்காரும் பெண்கள் இப்படித்தான் பல வருடங்களாகத் தொலைக்காட்சி கேட்டு வந்தார்கள். நாடகத் தொடர்களுக்கு அது போதும். மாமியார் கத்துவாள், மருமகள் அழுவாள், எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். வாயால் சொல்லாமல் விட்டதை மேளம் அடித்துச் சொல்வார்கள். ஒருத்தியும் தலை நிமிர வேண்டியதில்லை.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் கேபிள்காரர் சந்தாவைக் கூட்டினார். முத்துராணி கம்பியைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அதே தெருமுனையில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஆரிப் வந்து, சந்தா கட்டத் தேவையில்லாத அரசுத் தொலைக்காட்சி டிஷ் ஒன்றை மொட்டைமாடியில் மாட்டிக் கொடுத்தான். அதில் பிற்பகல் நேரத்துக்கு உருப்படியான நாடகம் எதுவும் இல்லை. கோடை விடுமுறைக்கென்று ஆவணப்படங்களும் பயண நிகழ்ச்சிகளும் போட்டார்கள். இமயமலை, கட்ச் உப்புப் பாலை, பிரம்மபுத்திரா, அந்தமான் என்று தினம் ஒரு ஊர். பேசியது முழுக்க இந்தி.

எல்லோருடைய வரியிலும் ஓடுகிற தொலைக்காட்சி அது. தீப்பெட்டிக்கும் தலைவலி மாத்திரைக்கும் வரி கொடுக்கிற இந்தப் பெண்களின் பங்கும் அதில் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டின் மலை எது, ஆறு எது என்று இவர்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு வரி சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. குனிந்த தலைக்குப் படம் தெரியாது, காதுக்கு மொழி தெரியாது. பெட்டியை அணைத்துவிடலாம் என்று முத்துராணி எழுந்தபோதுதான், சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்த முப்பிடாதி, "ஏட்டி, இரு, அணைக்காத. நான் பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

முப்பிடாதி சும்மா உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது.

அவள் நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தடி ஊர்க்காரி. அப்பா கூலிக்கு வயல் வேலை செய்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தவளை நாற்று நட அனுப்பிவிட்டு, அவளை விட மட்டமாகப் படித்த அண்ணனைப் பஸ்ஸேற்றி மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இருக்கவில்லை. பிறகு பேட்டையில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் செந்தூர்பாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வந்த இடத்தில் பீடி சுற்றப் பழகினாள். அந்தத் தெருவிலேயே கைவேகக்காரி என்று பெயர் வாங்கினாள். வெளியூர் என்று அவள் பார்த்தது திருச்செந்தூரும் பாபநாசமும், ஒரு கல்யாணத்துக்குப் போன மதுரையும்தான்.

போன மழைக்காலத்தில் வாய்க்கால் படித்துறையில் துணி துவைக்கப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் காசில்லாமல் படம் எடுத்துப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. கைராசிக்காரர் என்று ஊர் சொன்ன ஒரு கட்டு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மந்திரத்தை முணுமுணுத்து, மூங்கில் பத்தையும் முட்டையும் வைத்துக் கட்டினார். எலும்பு ஒட்டிக்கொண்டது, கோணலாக. கட்டை விரலும் சுட்டு விரலும் பழையபடி மடங்கவில்லை. அந்த இரண்டு விரல்களும் மடங்காவிட்டால் பீடி இல்லை. கைராசிக்காரரின் ராசி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, வாசலில் கூட்டம் குறையவில்லை.

வேலை போன பிறகும் முப்பிடாதி பழக்கத்தில் முத்துராணி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். பேச்சுக்கு ஆளாக இருந்தாளே ஒழிய, வேலைக்கு ஆளாக இல்லை. அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அவள் சொல்லத் தொடங்கிய முதல் நாள் மேகாலயா.

"ஒரு ஆறு. நம்ம ஆறு மாதிரி அகலம் இல்ல, ஓடைதான். அதுக்குக் குறுக்கே பாலம் இருக்கு. கல்லுமில்ல கம்பியுமில்ல, மரத்து வேரு."

"வேரா?" என்றாள் முத்துமாலை. அந்தக் கூட்டத்தில் மூத்தவள், காது கொஞ்சம் மந்தம். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கத்துவாள். "வேரு எப்படிளா பாலமாவும்?"

"உசுரோட இருக்க மரம் மைனி. ரெண்டு கரையிலயும் நிக்கி. வேரை இழுத்துப் பின்னி விட்டிருக்காவ. ஒருத்தி அது மேல நடந்து வாரா. முதுகுல கூடை. வெத்திலை போட்டிருக்கா, வாயெல்லாம் செவப்பு."

"வெத்திலை அங்கனயும் உண்டா?"

"உண்டு போல. துப்பப் போறா. துப்பிட்டா."

"நம்ம ஆளுதான்" என்றாள் முத்துராணி. அறையே சிரித்தது. எவள் தலையும் நிமிரவில்லை, எவள் கையும் நிற்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் தொடங்கியது என்று தெரியாது. படம் முடிந்ததும் ஆளுக்கொரு கட்டுப் பீடியை எடுத்து முப்பிடாதியின் தட்டில் போடுவார்கள். அவள் பெயரில் அதைக் கடையில் சேர்த்துவிடுவாள் முத்துராணி. பிச்சையாக யாரும் போடவில்லை, அவளும் பிச்சையாக வாங்கவில்லை. நாடகம் ஓடும் வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. வாய் பேசாத மலையும் புரியாத மொழியும் இருந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு. அதனால் எந்தச் சேனலில் என்ன படம் எப்போது வரும் என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வாள். கட்ச் படத்தன்று அவள் சொன்ன உப்பு வயலைக் கேட்டு, "வாயெல்லாம் கரிக்கு, ஏட்டி, தண்ணி கொண்டா" என்றாள் முத்துமாலை.

அப்படி ஒரு நாள் காஷ்மீர் வந்தது.

"பூ. தரையோட தரையாப் பூத்துக் கிடக்கு. ஊதா. பொம்பளைங்க குனிஞ்சு பறிக்காவ" என்று தொடங்கினாள் முப்பிடாதி. "பறிச்சதை வீட்டுல கொண்டாந்து கொட்டிட்டு, சுத்தி உக்காந்திருக்காவ. நம்மள மாதிரியே. தலை நிமிரல. பூவைப் பிரிச்சு உள்ள இருக்க செவப்பு நூலை மட்டும் எடுக்காவ. குங்குமப்பூ அதுதான்."

"அவளுகளும் குனிஞ்சுதான் இருக்காளுவளா?"

"ஆமா. ஒரு கிழவர் வாராரு. தலையில தொப்பி, கம்பளிச் சட்டை. பூப் பிரிக்க ஒருத்தி கிட்ட வந்து நிக்காரு. பூவை அள்ளிப் பாக்காரு. உத்து உத்துப் பாக்காரு." சற்று நிறுத்தினாள். "அதை அவ மடியிலயே திருப்பிப் போடுதாரு. ஏதோ சொல்லுதாரு. அவ சிரிக்கா."

"என்ன சொன்னாராம்?"

முப்பிடாதிக்கு இந்தி தெரியாது. ஆனால் குனிந்து வேலை செய்கிற பெண்ணுக்கு முன்னால் ஒரு ஆண் வந்து நின்று, அவள் வேலையைக் கையில் அள்ளிப் பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பேட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

"இது சரியில்ல, நீயே வச்சுக்கோங்காரு. கழிச்சதைத் திருப்பிக் குடுத்துருதாவ அங்கன. அதான் வழக்கம் போல."

அன்றைக்குத்தான் அந்த அறையில் கைகள் நின்றன.

கடையில் கழித்துப் போடுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பெண்கள் சுற்றிக் கொண்டுபோகும் பீடியைக் கடைக்காரர் கட்டுக் கட்டாகப் பார்த்து, இது தொளதொள, இது வாய் சரியில்லை என்று சிலவற்றை ஓரமாக எடுத்துப் போடுவார். அதற்குக் கூலி இல்லை. பீடியும் திரும்பி வராது. அது குப்பைக்கும் போகாது. வேறு பெயரில் கட்டாகி எங்கோ ஒரு சந்தையில் விற்றுப் புகைந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வதற்குத் திருட்டு என்றுதான் பெயர். நாம் அதை வழக்கம் என்கிறோம். வழக்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அதில்தான் நம் ஊர் எத்தனையோ அநியாயங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது.

மறுநாள் கடையில் முத்துராணி கேட்டாள். கடைக்காரர் நாறும்பூநாதன் அண்ணாச்சி குளித்து நீறு பூசி, மடிப்புக் கலையாத சட்டையோடு இருப்பவர். அதிர்ந்து பேச மாட்டார். அவள் கொண்டுவந்ததில் ஒரு பீடிக் கட்டை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அண்ணாச்சி, கழிச்சதை இங்கன குடுங்க."

"எதுக்கும்மா? ஒன் வீட்டுக்காரனுக்கா? அவன்தான் சிகரெட்டுக்கு மாறிட்டானே."

"அவனுக்கு எதுக்குக் குடுக்கேன்? வேண்டாம்னு சொன்னீயள்லா, அப்போ என்னுது. மத்த ஊர்ல எல்லாம் திருப்பிக் குடுக்காவ."

"எந்த ஊர்ல? முக்கூடல்லயா?"

"காஷ்மீர்ல."

கடையில் நின்றிருந்த மற்ற தெருப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். நாறும்பூநாதனும் சிரித்தார்.

"நீ எப்பம்மா காஷ்மீர் போயிட்டு வந்த?"

"முப்பிடாதியக்கா பாத்தா. டிவில."

"அது சரி" என்று அடுத்த கட்டை எடுத்தார் அவர். முத்துராணி தன் தட்டை இழுத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் இலை வாங்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவள் வீட்டில் உட்காருகிற பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். இலை வாங்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் என்ன என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நாறும்பூநாதன் மொபெட்டில் தெருவுக்கே வந்தார். கம்பெனி மேலிடத்துக்கு அவரும் கணக்குச் சொல்ல வேண்டுமே. வாசலில் நின்றபடியே சொன்னார்: "சண்டை வேண்டாம்மா. அந்தப் படத்தை ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி போடுவான். என் வீட்டுலயும் அதே டிஷ்தான், எனக்குத் தெரியும். நம்ம ஆரிப்பு பம்பாயில ஓட்டல்ல இருந்தவன், இந்தி தண்ணி பட்ட பாடு. அவன் உக்காந்து சொல்லட்டும். அங்கன அப்படித்தான் வழக்கம்னு சொன்னா நானும் திருப்பிக் குடுத்துருதேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுரணும். என்ன?"

"சரி" என்றாள் முத்துராணி. முப்பிடாதியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அவள்தான் பார்த்தவளாயிற்றே.

செய்தி சொன்னபோது முப்பிடாதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏட்டி, எனக்கு இந்தி தெரியாதுல்லா."

"தெரியாமலா இத்தனை நாளு சொன்ன?"

"பாத்துச் சொன்னேன்."

"பாத்தல்லா? பின்ன என்ன?" என்று போய்விட்டாள் முத்துராணி.

முப்பிடாதி அந்தப் படத்தை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கிழவர் வந்தார். பூவை அள்ளினார். உற்றுப் பார்த்தார். மடியில் போட்டார். ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். கழித்தது, திருப்பிக் கொடுத்தது, வழக்கம் என்றது எல்லாம் அவளுக்குள்ளேயிருந்து வந்தவை. ஒருவேளை சரியாகவே இருக்கலாம். இல்லாவிட்டால், அவள் வாயை நம்பி இலை வாங்காமல் வந்தவர்கள் இனி வாயே திறக்க முடியாது. அப்புறம் அந்த முன்னறையில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? கோணிப்போன கைக்குக் கிடைத்த ஒரே வேலையும் போய்விடும்.

"அம்மன் கோயில்ல ஒரு விளக்குப் போட்டிரு" என்றாள் முத்துமாலை.

"எடுத்து முடிச்ச படம் மைனி. விளக்குப் போட்டா கிழவர் மாத்திப் பேசுவாரா?"

செந்தூர்பாண்டி தன் பங்குக்கு, "ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றான். எந்தச் சோலி தன்னுடையது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் ஆரிப்பின் கடைக்குப் போனாள். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து போட்டு, உள்ளே கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"ஆரிப்பு, நாளைக்கு நீதான் சொல்லணுமாம்."

"ஆமாக்கா. அண்ணாச்சி நேத்து வந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"உள்ளதைச் சொல்லுன்னாரு. டீயும் வாங்கிக் குடுத்து உள்ளதைச் சொல்லுன்னு சொல்லுத ஆளை இப்பந்தான் பாக்கேன்."

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவனிடம் சொல்ல ஒன்றை வைத்திருந்தாள். 'நான் சொன்ன மாதிரியே சொல்லிரு' என்பதுதான் அது. யாருக்கும் தெரியப் போவதில்லை. நல்ல காரியத்துக்குத்தானே.

"என்னக்கா சொல்ல வந்திய?"

"சத்தமாச் சொல்லு" என்றாள். "முத்துமாலை மைனிக்குக் காது மந்தம்."

ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிறைந்துவிட்டது. மடியில் தட்டு இல்லாமல் அந்தப் பெண்கள் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று பலருக்கும் தெரியவில்லை. வாசலோரம் போட்ட நாற்காலியில் நாறும்பூநாதன் உட்கார்ந்தார். முத்துராணி அவருக்குக் காப்பி கொடுத்தாள், சண்டை வேறு, காப்பி வேறு. ஆரிப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

படம் தொடங்கியது. வயல் வந்தது.

"ஏளா!" என்று கத்திவிட்டாள் முத்துமாலை. "இம்புட்டு ஊதாவா? நீ ஊதான்னு மட்டுந்தான சொன்ன!"

"ஊதான்னா ஊதாதான மைனி. வேற எப்படிச் சொல்ல?"

"இதைச் சொல்லணும்னா ஒரு நாளு பூராச் சொல்லணும்" என்றாள் முத்துமாலை. அப்புறம் எல்லோரும் பெட்டிக்குக் கிட்டே நகர்ந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பூவைப் பிரிக்கும் விரல்களை அவர்கள் பார்த்த விதம் வேறு. கட்டை விரல் எங்கே நிற்கிறது, சுட்டு விரல் எப்படி மடங்குகிறது என்று பார்த்தார்கள்.

கிழவர் வந்தார். பூவை அள்ளினார். ஆரிப் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அவங்க பேசுறது வேற பாஷை. அதுக்கு மேல ஒருத்தன் இந்தில சொல்லுதான். இருங்க." படம் அடுத்த காட்சிக்குப் போன பிறகுதான் சொன்னான். சத்தமாகவே சொன்னான். "அவரு அந்தப் பொண்ணோட வாப்பா. இதையும் பாத்து முடிச்சிரு மகளே, பூ வாடிரும்னு சொல்லுதாரு. நீங்க சும்மா குறுக்க நிக்காம போயி டீயைக் குடிங்க வாப்பாங்கா அவ. தோட்டம் அவங்களுது. குடும்பத்தோட செய்யுதாங்க."

"கழிக்கது?" என்றாள் முத்துராணி.

"கழிக்கதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சொந்தத் தோட்டத்துல யாரு யாரைக் கழிக்கது?"

எல்லோரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"நான் பாத்தது, அவரு பூவை மடியில போட்டதுதான்" என்றாள். "மத்தது நானாச் சொன்னது. தப்புத்தான்."

நாறும்பூநாதன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் ஏளனமாகச் சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "விடும்மா. டிவியைப் பாத்து ரெண்டு நாளு பொழப்பைக் கெடுத்துக்கிட்டீய. நாளைக்கு வந்து எல்லாரும் இலையை வாங்கிட்டுப் போங்க" என்று எழுந்தார்.

"அக்கா, நீ எங்கள இப்படி நிக்க வச்சிட்டியே" என்றாள் முத்துராணி. குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் முத்துமாலை கேட்டாள். "என்னங்கான்? அவ அப்பனாமா?"

"ஆமா மைனி. அப்பனாம்."

"இருக்கட்டும். அண்ணாச்சி, நீங்க எனக்கு அப்பனா?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "என்ன பேச்சு இது?"

"இல்ல, கேக்கேன். காஷ்மீர்ல அப்பன் மக மடியில போடுதான். அது அவுக வீட்டுப் பாடு. நீங்க எனக்கு அப்பனுமில்ல, எனக்குத் தோட்டமுமில்ல. நம்ம தெருவுக்கு மீன்காரி வாராளே, அவகிட்ட நெத்திலி நல்லால்ல வேண்டாம்னு சொல்லிட்டு, அதே நெத்திலியைச் சட்டியில அள்ளிக்கிட்டு வீட்டுக்குள்ள போவீயளா? அவ கூடையால போட மாட்டாளா?"

அறையில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு அடங்கியது. மேகாலயாவும் காஷ்மீரும் தேவைப்படாத ஒன்று அவர்கள் முன்னால் கிடந்தது, தினமும் வாசலில் உட்கார்ந்து செதில் தேய்க்கிற மீன்காரி.

"மீனும் பீடியும் ஒண்ணா?" நாறும்பூநாதன் இப்போது மறுபடி உள்ளே வந்திருந்தார். "மீன் அவளுது. இலை யாருது? தூள் யாருது? நூலு யாருது? எல்லாம் கம்பெனிது. கழிச்சாலும் கம்பெனிதுதான். ஒங்க கிட்ட எப்படிக் குடுக்க முடியும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. நம் ஊர் அநியாயங்கள் எல்லாமே ஒரு கை நியாயத்தை முகத்தில் பூசிக்கொண்டுதான் வருகின்றன. நின்றுகொண்டிருந்த முப்பிடாதிதான் சொன்னாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக விரலை மடக்க முயன்று, மடங்காமல், விட்டுவிட்டுச் சொன்னாள்.

"சரி அண்ணாச்சி. இலை ஒங்களுது. தூளு ஒங்களுது. நூலும் ஒங்களுது. சுத்து யாருது?"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சுத்து இவளுகளுது. அதுதான வேண்டாம்னு சொல்லுதீய? அப்போ அதை எடுத்துருங்க. இங்கனயே பிரிச்சுப் போடுங்க. இலையையும் தூளையும் அள்ளிக்கிட்டுப் போங்க, ஒருத்தியும் கேக்க மாட்டா. வேண்டாத சுத்தோட சேத்து எடுத்துட்டுப் போகக் கூடாது."

"இது எந்த ஊரு வழக்கம்மா?" என்றார் அவர்.

"எந்த ஊர்லயும் இல்ல. நான் பாக்கல" என்றாள் முப்பிடாதி. "நல்லா இருக்கான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தாரோ என்னவோ, 'பாப்போம்' என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர்கள் கடைக்குப் போனார்கள். வீட்டில் இருந்த பழைய கட்டுகளைக் கொடுத்தார்கள். அண்ணாச்சி வழக்கம்போல இரண்டு மூன்று கட்டுகளை ஓரமாக எடுத்துப் போட்டார். பெண்கள் நகரவில்லை. சத்தமும் போடவில்லை. ஓரமாகப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். பின்னால் மற்ற தெருப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். என்ன ஏது என்று கேட்டார்கள். சொல்லப்பட்டது. அதைக் கேட்டவர்களும் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் வெயிலுக்கு வந்துவிட்டது. கடைசியில் அவர் ஒரு பீடியை எடுத்து நகத்தால் கிழித்துத் தூளைத் தட்டில் உதறினார். கோபத்தோடுதான் செய்தார். அடுத்ததைக் கிழித்தார். பீடியைக் கிழிப்பது சுற்றுவதை விடச் சுலபம் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். "எனக்கும் பிரிச்சுப் போடுங்க அண்ணாச்சி" என்றாள் அடுத்து நின்றவள். அன்று மாலை கடையின் தரை முழுக்க இலைத் துணுக்குகள் கிடந்தன.

கழித்ததைக் கிழிக்க வேண்டும் என்று ஆன பிறகு கழிப்பதில் லாபம் இல்லை. ஒரு வாரத்துக்குள் பேட்டைப் பெண்கள் அத்தனை பேருக்கும் பீடி ஒழுங்காகச் சுற்ற வந்துவிட்டது. கடைக்காரரே வியந்து சொன்னார்.

முப்பிடாதி அந்த வாரம் முழுவதும் முத்துராணி வீட்டுக்குப் போகவில்லை. பிற்பகலில் வெளியே வந்தால் பெட்டியின் சத்தம் தெருவில் கேட்கும். இந்தியில் யாரோ பேசுவது கேட்கும். இடையில் பெண்கள் குரல் எதுவும் இருக்காது. ஒரு நாள் முத்துராணியே வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் வரல?"

"எதுக்கு வரணும்?"

"அந்தச் சவம் பாட்டுக்குக் கத்துது. யாருக்கு என்ன புரியுது? கண்ணுல படம், காதுல இந்தி, கையில வேலை. நாங்க எதைப் பாக்க?"

"இனி நான் சொன்னா யாருட்டி நம்புவா?"

முத்துராணி கொஞ்சம் யோசித்தாள். "நம்பாம கேக்கோம். வா" என்றாள்.

படித்தவர்கள் பலர் கூடிப் பேசியும் எட்ட முடியாத இடம் இது. நம்பாமல் கேட்பது. கேட்டுவிட்டுச் சரி பார்ப்பது. முத்துராணி அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. வீட்டில் அடுப்பில் பால் வைத்திருந்தாள், அவசரமாகப் போய்விட்டாள்.

இப்போது அந்த அறையில் ஒரு புது வழக்கம் இருக்கிறது. முப்பிடாதி எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தி, "கண்ணா, நெனைப்பா?" என்று கேட்பாள். பார்த்ததா, நினைத்ததா என்று அவள் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலில் தடுமாறினாள். போகப் போக, கேட்பதற்கு முன்பே அவளே சொல்லத் தொடங்கினாள்.

நேற்று ராஜஸ்தான். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறவர்களைப் பற்றிய படம்.

"மணலு. காத்தடிக்கு. ஒட்டகம் ஒண்ணு குட்டி போட்டிருக்கு. குட்டிக்கு நிக்கத் தெரியல. காலு நாலும் நாலு பக்கம் போவுது. இது கண்ணு."

"சரி, மேல சொல்லு."

"ஒரு பொம்பளை வாரா. கை நிறைய வளையல், தோளு வரைக்கும். குட்டியைப் பிடிச்சு நிறுத்துதா. அவளுது போல. இது நெனைப்பு."

"நெனைப்பை விடு. அவ என்ன செய்யுதா?"

"குட்டி முகத்தோட முகத்தை வச்சுக்கிடுதா. வச்சுக்கிட்டு அழுவுதா."

"அழுவுதாளா? எதுக்கு?"

முப்பிடாதி பெட்டிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். இந்தியில் ஒரு குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது, கண்ணீர் கன்னத்தில் படிந்த மணலில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. குட்டி பிழைத்த சந்தோஷமாக இருக்கலாம். தாய் செத்த துக்கமாக இருக்கலாம். விற்கப் போகிறார்களோ என்னவோ. சொல்வதற்கு அவளிடம் எத்தனையோ இருந்தன.

"தெரியல" என்றாள்.

முத்துமாலை தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒரு கட்டுப் பீடியை எடுத்து முப்பிடாதியின் பக்கம் தள்ளினாள்.